நம்பிக்கைக்குரியவர்: போர்மேசையிலிருந்து கதைமேசைக்கு

1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து ஒரு சிறிய பெட்டி விற்பனைக்கு வந்தது. அதனுள் மூன்று மெல்லிய கையேடுகள் இருந்தன. முதல் அச்சில் வெளிவந்தவை 1000 பிரதிகள் மட்டுமே. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயரிடப்பட்ட அவ்விளையாட்டின் முகப்பில் 'பாத்திரமேற்பு விளையாட்டு' என்ற சொற்றொடர் கிடையாது. இடைக்காலக் கற்பனைப் போர்த்தொடர்களுக்கான விதிகள் என்றே அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. இன்று இவ்விளையாட்டில் ஈடுபாடு கொண்டோர் பலர், இது கதை சொல்லும் கலை, போருக்கும் இதற்கும் உறவில்லை என்பர். எதிர்த்தரப்பினரோ கொலையைப் பொழுதுபோக்காக்கிய பண்பாட்டின் ஒரு கிளையே இது என்பர். இரு கூற்றுகளும் முகப்பிலுள்ள அந்தச் சொற்களைப் படிக்காமல் கூறப்படுபவை. போர் இவ்விளையாட்டுக்குக் கொடையளித்தது வாளும் வேலும் அன்று; மேசையின் தலைப்பில் அமரும் நடுவரை.

அந்த நடுவரின் பிறப்பைத் தேடினால் சதுரங்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். தேர், யானை, குதிரை, காலாள் என நால்வகைப் படையை நிரல்பட நிறுத்திய அந்த இந்திய ஆட்டம் ஐரோப்பாவை அடைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், 1780இல் பிரவுன்ஷ்வைக் நாட்டில் இளம் பணியாளர்களுக்குக் கணிதம் பயிற்றுவித்த ஹெல்விக் என்பவர் அதனை மெய்யான போருக்கு அணுக்கமாக்க முயன்றார். அவருடைய பலகையில் 1617 கட்டங்கள். மலை, ஆறு, சதுப்பு ஆகியவற்றை நிறங்கள் குறித்தன. எனினும் சதுரங்கத்தின் அடிப்படைக் கற்பிதம் அப்படியே நின்றது. இரு தரப்பாரும் அனைத்தையும் காண்கின்றனர். ஒரு காய் நகர்ந்தால் வெட்டுவது உறுதி. போர்க்களத்தில் இவ்விரண்டும் நிகழ்வதில்லை.

அக்கற்பிதத்தை உடைத்தவர்கள் பிரஷ்யாவைச் சேர்ந்த ஒரு தந்தையும் மகனும். தந்தை கேயார்க் லியோபோல்ட் ஃபொன் ரைஸ்விட்ஸ், கட்டங்களை நீக்கிவிட்டு நிலவடிவங்களை மாற்றியமைக்கக்கூடிய ஒரு மேசையைச் செய்து 1812இல் மன்னர் மூன்றாம் ஃபிரடெரிக் வில்லியத்திடம் அளித்தார். பீரங்கிப்படை அதிகாரியான மகன், மேசையைக் கைவிட்டு 1:8000 அளவுடைய நிலப்படத்துக்கு ஆட்டத்தை மாற்றி 1824இல் விதிநூலை வெளியிட்டார். ஒவ்வொரு சுற்றும் போர்க்காலத்தின் இரண்டு நிமிடங்களுக்குச் சமம். துப்பாக்கி, பீரங்கி ஆகியவற்றின் தாக்குதிறன் பற்றி ஷார்ன்ஹோர்ஸ்ட் நடத்திய சோதனைகளின் எண்கள் அட்டவணைகளாயின. பகடை, நற்பேற்றின் இடத்தை நிரப்பியது. ஒரு படைப்பிரிவு ஒரே அடியில் பலகையை விட்டு நீங்காமல், இழப்பைச் சிறிது சிறிதாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டு நின்றது. பின்னாளைய விளையாட்டுகளில் ஒவ்வொரு வீரனுக்கும் வழங்கப்படும் உயிர்ப்புள்ளிகளின் முளை இங்கேதான் தென்படுகிறது.

ஆனால் எண்களைவிட முக்கியமானது மேசைக்கு வந்த மூன்றாம் மனிதர். ஆட்டக்காரர்கள் காய்களைத் தாமே நகர்த்துவதில்லை. கட்டளைகளை எழுதி அவரிடம் தருவர். எத்தரப்பு எதைக் காணக்கூடும், ஓர் ஆணை உரிய இடத்தைச் சென்றடைய எவ்வளவு நேரமாகும், வழியில் தூதன் சிக்குவானா என்பவற்றை முடிவு செய்பவர் அவர். முழு நிலவரமும் அறிந்த ஒரே மனிதரும் அவரே. ரைஸ்விட்ஸ் அவரைக் குறிக்கப் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லுக்கு 'நம்பிக்கைக்குரியவர்' என்று பொருள். நீதிபதி என்றோ தலைவர் என்றோ பெயரிட்டிருக்கலாம். இரு தரப்பும் தம் மறைபொருளை ஒப்படைக்கும் உற்றவர் என்னும் பொருளுடைய சொல்லையே அவர் தேர்ந்தார். பின்னர் வந்த 'நடுவர்' என்னும் சொல் இந்த நுட்பத்தை ஓரளவு இழந்துவிட்டது.

தலைமைத் தளபதியக அதிபர் மியூஃப்லிங், தயக்கத்தோடு காணவந்து, இது விளையாட்டன்று, போருக்கான பயிற்சி என்று வியந்து, படைப்பிரிவுகள் அனைத்திலும் இதனைப் பரப்ப இசைந்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. இளைய ரைஸ்விட்ஸ் அதன் பயனை நெடுநாள் காணவில்லை. 1827இல் தற்கொலை செய்துகொண்டார். 1870–71இல் பிரஷ்யா பிரான்சை வென்றபின் பிற நாடுகளும் க்ரீக்ஸ்ஷ்பீலைத் தேடிப் படித்தன.

புகழ் வந்தபோதே பூசலும் வந்தது. அட்டவணைகளும் கணக்கும் பெருகி ஆட்டம் நத்தையாய் நகர்ந்தது. பட்டறிவு மிக்க அதிகாரிகள் பகடைக்குக் கட்டுப்பட விரும்பவில்லை. மெக்கல் இக்கடும் விதிமுறையைச் சாடினார். 1876இல் வெர்டி டு வெர்னுவா மேலும் ஒரு படி சென்று, பகடையையும் அட்டவணையையும் ஏறத்தாழ முற்றாக அகற்றி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். விதியா, நடுவரின் தீர்ப்பா என்னும் இவ்வழக்கை இன்றைய பாத்திரமேற்பு ஆட்டக்காரர்கள் தமக்கே உரிய புதிய சர்ச்சையாகக் கருதி இரவு முழுதும் வாதிடுகின்றனர். அவர்களுடைய வாதங்களில் பெரும்பாலானவற்றை மீசை முறுக்கிய பிரஷ்ய அதிகாரிகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பேசித் தீர்க்காமல் விட்டுவிட்டனர்.

பொழுதுபோக்காகப் போரை ஆடும் வழக்கத்துக்கு எச். ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய சிறுநூல் ஒரு முகவரி தந்தது. பொம்மை வீரர்களை வில்விசைப் பீரங்கியால் வீழ்த்தும் அவ்வாட்டத்தை விவரித்த வெல்ஸ், மெய்ப்போரின் அறிவின்மையை இவ்வாட்டமே உணர்த்தும் என்று நம்பினார். அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது.

பிரஷ்ய நடுவர் அமெரிக்கச் சிறார்களிடம் வந்து சேர்ந்த வழி வேறு. சார்லஸ் டாட்டன் என்னும் அமெரிக்கப் படையதிகாரி ஜெர்மன் முறைகளைத் தழுவி 1880ஐ ஒட்டி 'ஸ்ட்ராட்டகோஸ்' என்னும் நூலை வெளியிட்டிருந்தார். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அதனை மினசோட்டாவில் ஒரு நூலகத்தில் கண்டெடுத்தவர் டேவிட் வெஸ்லி. ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் முயலலாம், விளைவை நடுவர் முடிவு செய்வார் என்னும் கருத்து அவரைப் பற்றிக்கொண்டது. நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜெர்மன் ஊரான பிரவுன்ஷ்டைனை மையமாக்கி 1969இல் ஓர் ஆட்டத்தை அமைத்தார். படைகளைத் தவிர, ஊர்த்தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் போன்ற பாத்திரங்களையும் நண்பர்களுக்கு வழங்கினார். போர் தொடங்கவேயில்லை. ஒவ்வொருவரும் தனியே வந்து அவர் காதில் சூழ்ச்சியை ஓதிச் சென்றனர். ஆட்டம் குலைந்துவிட்டதென்று வெஸ்லி நினைத்தார். நண்பர்களோ மறுபடியும் ஆடுமாறு வற்புறுத்தினர்.

அது வியட்நாம் போர்க்காலம். 1970இல் வெஸ்லி படைப்பணிக்கு அழைக்கப்பட்டார். அவர் விட்டுச்சென்ற மேசையில் டேவ் ஆர்னசன் 'பிளாக்மூர்' என்னும் மாயக்கோட்டை உலகைக் கட்டினார். ஒரு முறை ஆடி முடிப்பதற்குப் பதிலாக, அதே பாத்திரங்கள் வாரந்தோறும் வளரும் தொடராக அதனை ஆக்கினார். காப்பீட்டு நிறுவன வேலையை இழந்து செருப்புத் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த கேரி கைகாக்ஸ், 1971இல் ஜெஃப் பெரனுடன் 'செயின்மெயில்' என்னும் இடைக்காலப் போர்விதிகளை வெளியிட்டிருந்தார். இருவர் முயற்சியும் இணைந்ததே 1974இன் பெட்டி. அதன் சொல்வளத்தில் போரின் தழும்புகள் இன்றும் உள்ளன. பல மாதங்கள் நீளும் கதைத்தொடருக்கு ஆட்டக்காரர்கள் வழங்கும் 'கேம்பெயின்' என்னும் பெயர், படையெடுப்பைக் குறித்த சொல்லே. உயிர்ப்புள்ளி முதலியவற்றைக் கவசக் கப்பல்களின் போர்விதிகளிலிருந்து எடுத்ததாக ஆர்னசனே பின்னர் கூறினார். ஒரு மாயவித்தைக்காரன் கப்பலைப் போல அடிவாங்கிச் சிறிது சிறிதாக மூழ்குகிறான் என்பதை அவ்விளையாட்டின் அன்பர்கள் அரிதாகவே எண்ணிப் பார்க்கின்றனர்.

நடுவரின் தகுதி எங்கே சோதிக்கப்படுகிறது என்பதற்கு 1942ஆம் ஆண்டின் இரு மேசைகளை ஒப்பிடலாம். லிவர்பூல் நகரின் டெர்பி ஹவுஸில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்னும் அதிகாரி, நோயால் கடற்படையிலிருந்து விலக்கப்பட்டு மீண்டும் அழைக்கப்பட்டவர், தரையையே கடலாக வரைந்து ஆட்டம் நடத்தினார். அவருடைய உதவியாளர்கள் கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள். பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் திரைத்துளை வழியே தமக்குரிய அளவு மட்டும் கண்டனர். ஜெர்மன் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல் வரிசைக்குள்ளேயே நுழைந்து தாக்குகின்றன என்பதை இத்தரையில்தான் அவர்கள் உய்த்துணர்ந்தனர்; அதற்கு எதிரான உத்திக்கு ஜீன் லெய்ட்லா 'ராஸ்பெர்ரி' என்று பெயரிட்டார். தாமே நீர்மூழ்கி வீரரான அட்மிரல் மாக்ஸ் ஹார்டன் ஒருமுறை எதிரித் தரப்பில் ஆடி, ஜேனட் ஓக்கெல் என்னும் இளம்பெண்ணிடம் அடுத்தடுத்துத் தோற்றார். அவருடைய பதவியை முன்னிட்டு ராபர்ட்ஸ் எந்த முடிவையும் திருத்தவில்லை.

அதே ஆண்டு மே மாதத்தில் ஜப்பானின் யமாட்டோ போர்க்கப்பலில் மிட்வே தாக்குதலுக்கான ஒத்திகை ஆட்டம் நடந்தது. ஃபுச்சிதாவும் ஒக்குமியாவும் போருக்குப்பின் எழுதிய நூலின்படி, நடுவர் பகடை உருட்டியதில் ஒன்பது குண்டுகள் தாக்கி அக்காகி, காகா ஆகிய இரு விமானந்தாங்கிகளும் மூழ்கியதாக முடிவாயிற்று. கூட்டுக் கடற்படையின் தலைமை அலுவலர் உகாக்கி குறுக்கிட்டு ஒன்பதை மூன்றாக்கினார். அக்காகி சேதத்துடன் தப்பியது. மூழ்கியதாக ஒப்புக்கொள்ளப்பட்ட காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் உயிர்பெற்று மிதந்தது. ஜூன் முதல் வாரத்தில் அவ்விரு கப்பல்களும், அவற்றோடு வேறிரண்டும், மெய்யான கடலில் மூழ்கின. பகடை தோல்வியை முன்னறிந்தது என்று இதிலிருந்து கொள்வது மிகை. பகடைக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. வலுவற்ற திட்டமொன்றை மேசை காட்டியபோது அதனைக் காண மறுக்கும் அதிகாரம் ஒருவரிடம் இருந்தது என்பதே இங்குள்ள செய்தி.

கணினி வந்தபோது இச்சிக்கல் தீரும் என்று எதிர்பார்த்தோர் உண்டு. கணினிக்குப் பதவி அச்சம் இல்லை அல்லவா? 1975ஐ ஒட்டி இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ வலையமைப்பில் மாணவர்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைத் தழுவிய ஆட்டங்களை எழுதத் தொடங்கினர். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் பணியாற்றிய வில் க்ரௌதர், தாம் ஆடிய பாத்திரமேற்பையும் தாம் அளந்த குகைகளையும் கலந்து 'அட்வெஞ்சர்' என்னும் ஆட்டத்தை உருவாக்கினார். அட்டவணை பார்த்தல், கூட்டல், கழித்தல் ஆகிய எழுத்தர் வேலைகளை இயந்திரம் நடுவரைவிடச் செம்மையாகச் செய்தது. ஆனால் நிரலர் முன்கூட்டி எண்ணாத ஒன்றை ஆட்டக்காரர் முயன்றால், புரியவில்லை என்று மட்டுமே அதனால் கூற முடிந்தது. வெர்டி விலக்கிய அட்டவணை, மின்சாரம் பெற்றுத் திரும்பிவந்தது எனலாம்.

2002இல் அமெரிக்கா ஏறத்தாழ 250 மில்லியன் டாலர் செலவில் 'மில்லேனியம் சேலஞ்ச்' என்னும் மாபெரும் போர் விளையாட்டை நடத்தியது. கணினி உருவகமும் களத்தில் மெய்ப்படையும் இணைந்த ஏற்பாடு அது. எதிரித் தரப்புக்குத் தலைமையேற்ற ஓய்வுபெற்ற மரைன் படைத்தளபதி பால் வான் ரைப்பர், ஒட்டுக்கேட்கப்படும் கருவிகளைத் தவிர்த்து இருசக்கர வாகனத் தூதர்கள் வழியே ஆணைகளை அனுப்பினார்; ஏவுகணைகளையும் சிறுபடகுகளையும் ஒருசேர ஏவி, அமெரிக்கத் தரப்பின் 16 கப்பல்களைத் தொடக்கத்திலேயே மூழ்கடித்தார். நடத்துநர்கள் ஆட்டத்தை நிறுத்தி, மூழ்கிய கப்பல்களை மீண்டும் மிதக்கவிட்டனர். அதன்பின் எதிரித் தரப்பு எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று வரம்புகளும் விதிக்கப்பட்டன. வான் ரைப்பர் ஆட்டம் முடியும் முன்பே அப்பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.