வார்னிஷ் நாட்கள்

சித்திரத் தொழிலில் கோடு, வர்ணம், நிழல், தூரம் என்று ஆசிரியர் கற்பிக்கக்கூடிய அம்சங்கள் பல உண்டு. ஆனால் தீட்டிக்கொண்டிருக்கும் படம் எந்தத் தீற்றலோடு பூர்த்தியாகிறது, எந்த இடத்துக்கு மேல் வைக்கும் வர்ணம் அதைக் கெடுக்கத் தொடங்குகிறது என்பதை எந்தக் குருவும் எந்தச் சிஷ்யனுக்கும் வாயால் சொல்லிக் கொடுத்துவிட முடிந்ததில்லை. பாகு காய்ச்சுகிறவளுக்குப் பதம் தெரிவதுபோல் கைக்கே தெரிய வேண்டிய விஷயம் அது. கிரேக்க நாட்டின் புராதன ஓவியர்களுள் தலைசிறந்தவரான அபெல்லீஸ், தம் காலத்தவரான புரோட்டோஜெனீஸ் மற்ற எல்லாவற்றிலும் தமக்குச் சமானமானவர், அல்லது தம்மினும் மேலானவர் என்று மனமார ஒப்புக்கொண்டு, படத்தை விட்டுக் கையை எடுக்க வேண்டிய தருணத்தை அறிவதில் மட்டுமே தாம் உயர்ந்தவர் என்று கூறியதாக ரோமாபுரி ஆசிரியர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ஓவியனின் சிரேஷ்டமான தகுதியாக இந்த ஒன்று எண்ணப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இத்தருணம் இயல்பாகவே ஏகாந்தத்தில் நிகழ்வது. ஓவியனும் அவனுடைய கித்தானும் தவிர மூன்றாவது சாட்சி அங்கே இருப்பதில்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் லண்டன் நகரத்தில் வழங்கிய ஒரு சம்பிரதாயம், அந்தரங்கமான இந்த வேளையை ஒரு பொது மண்டபத்துக்குக் கொண்டுவந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் கண்ணெதிரே நிகழும்படி செய்தது. அதன் வரலாற்றை ஆராய்ந்து பார்க்கிறவர்களுக்கு, ஒரு படம் உண்மையில் எப்போது முடிகிறது என்ற கேள்விக்குத் தத்துவ விசாரத்தால் கிடைப்பதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

1768-இல் ஸ்தாபிக்கப்பட்ட ராயல் அகாடமி, மறு ஆண்டு தொடங்கி ஆண்டுதோறும் ஓவியக் கண்காட்சி நடத்தி வந்தது. 1780 முதல் அது ஸாமர்செட் ஹவுஸ் மாளிகையில் நடைபெற்றது. மேற்கூரை வழியாக வெளிச்சம் இறங்கும் பெரிய மண்டபத்தில், தரைக்குச் சற்று மேலிருந்து முகடு வரையில், சட்டத்தோடு சட்டம் இடிக்கும்படி நூற்றுக்கணக்கான படங்களை நெருக்கி மாட்டுவார்கள். மே மாதத் தொடக்கத்தில் கண்காட்சி திறக்கும். அதற்கு முந்திய சில நாட்களில், அகாடமியின் அங்கத்தினர்கள் உள்ளே வந்து, மாட்டியிருக்கும் தங்கள் படங்களுக்கு வார்னிஷ் பூசிக்கொள்ளவும் சில்லறைத் திருத்தங்கள் செய்துகொள்ளவும் 1809-இல் முறைப்படி அனுமதி அளிக்கப்பட்டது. அங்கத்தினரல்லாத ஓவியர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பது அவர்களுக்குத் தீராத மனக்குறையாகவே இருந்தது. அந்தக் குறை நியாயமானதென்றே நான் கருதுகிறேன்.

வார்னிஷ் என்பது இங்கே மாஸ்டிக் போன்ற குங்கிலிய வகைப் பிசினை டர்ப்பன்டைனில் கரைத்துப் பூசும் மெல்லிய பூச்சு. தைல வர்ணம் காயக் காய அதன் சில பகுதிகள் எண்ணெய் உள்வாங்கி மங்கிப்போகும்; சில பகுதிகள் பளபளப்பாகவே நிற்கும். வார்னிஷ் ஏறியதும் மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராகி, கரு வர்ணங்கள் ஆழம் பெற்று, படம் தன் முழுப் பிரகாசத்தை அடைகிறது. தைல வர்ணம் உள்வரை உலர மாதக் கணக்காகும் என்பதால், கடைசிப் பூச்சு அதற்குப் பிறகே வர வேண்டும் என்பது தொழிலின் விதி. ஆகவே வார்னிஷ் பூசுதல் என்றால், இனிமேல் இப்படத்தில் எனக்கு வேலையில்லை என்று ஓவியன் முத்திரை வைப்பதாகவே பொருள்.

ஆனால் மண்டபத்துக்கு வந்து பார்த்தபோதுதான், முடிந்ததென்று நினைத்த படம் முடியவில்லை என்று பலருக்குத் தெரிந்தது. தன் கூடத்தில் வடக்குச் சாளரத்து அமைதியான ஒளியில் நிறைவாகத் தோன்றிய படம், இங்கே ஒருபுறம் செஞ்சட்டைத் தளபதியும் மறுபுறம் எரிமலையும் சூழ நிற்கும்போது வெளிறி விழும். இதனால் ஒருவர் தம் வானத்தை ஒரு படி உயர்த்துவார். அதைக் கண்டு பக்கத்துப் படக்காரர் தம் செம்மையைக் கூட்டுவார். திருத்தம் போட்டியாகி, போட்டி சில சமயம் யுத்தமாகவும் ஆயிற்று.

இந்த நாட்களைத் தமக்கே உரிய களமாக ஆக்கிக்கொண்டவர் ஜோசப் மாலர்ட் வில்லியம் டர்னர். நாவிதரின் மகனாக 1775-இல் லண்டனில் பிறந்து, 1802-இல் அகாடமியின் முழு அங்கத்தினரான இம்மேதை, தம் பிற்காலத்தில், அடிவர்ணம் மட்டும் படிந்த, இன்ன விஷயம் என்று எளிதில் கண்டுகொள்ள முடியாத கித்தான்களை அனுப்பிவிட்டு, வார்னிஷ் நாட்களில் அதிகாலையில் வந்து மண்டபத்திலேயே படத்தைத் தீட்டி முடிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். இவ்வழக்கத்தின் மிகப் பிரசித்தமான நிகழ்ச்சி அகாடமியில் அல்லாமல், அதே சம்பிரதாயத்தைப் பின்பற்றிய பிரிட்டிஷ் இன்ஸ்டிடியூஷனில், 1835-இல் நடந்தது. முந்திய ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி இரவு பாராளுமன்ற மாளிகை தீப்பற்றி எரிந்ததைத் தேம்ஸ் நதிக்கரையிலிருந்து நேரில் கண்ட டர்னர், அக்காட்சியை அந்த இன்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் படமாக்கினார். ரிப்பிங்கில் என்ற ஓவியர் அதைக் கண்ணால் கண்டு எழுதிவைத்த விவரம் 1860-இல் வெளியாயிற்று.

அவர் சொல்லும் விவரம் இது: மற்றவர்கள் வருவதற்கு முன்பே டர்னர் வந்து வேலையைத் தொடங்கியிருந்தார். சிறியதொரு வர்ணப் பெட்டி, சில சிறு தூரிகைகள், ஓரிரு குப்பிகள். இவ்வளவே அவர் கருவிகள். பக்கத்தில் எட்டி என்ற ஓவியர் தம் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் அடிக்கடி பின்வாங்கி நின்று, தலையைச் சாய்த்துத் தம் படத்தை நோட்டம் பார்த்தார். டர்னரோ சுவரோடு ஒட்டினாற்போல் நின்று, மணிக்கணக்காக ஒருமுறையேனும் பின்னால் வந்து பார்க்காமல், கத்தியினால் ஏதோ அரைத் தெளிவான ஒரு பொருளைப் படத்தின்மீது உருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார். அது என்னவென்று அவரிடம் கேட்கும் துணிவு அங்கே ஒருவருக்கும் இல்லை. திடீரென்று கருவிகளைப் பெட்டிக்குள் சேர்த்து மூடினார்; சுவரை நோக்கிய முகத்தைத் திருப்பாமலே பக்கவாட்டில் நகர்ந்து, யாரிடமும் ஒரு சொல்லும் பேசாமல் வெளியேறிவிட்டார். கூடியிருந்தவர்களுள் ஒருவரான மக்லீஸ், தம் வேலையைத் திரும்பிப் பார்க்கக்கூட அவர் நிற்கவில்லை, முடிந்துவிட்டதென்று அவருக்குத் தெரியும், அதனால் போய்விட்டார், என்ற கருத்தில் வியந்து கூறினாராம்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஞாபகத்திலிருந்து எழுதிய விவரம் ஆகையால், இதில் சற்றே மிகை கலந்திருக்கலாம். அப்படியிருந்தாலும், அன்று அங்கிருந்த ஓவியர்களைத் திகைக்க வைத்தது டர்னருடைய வேகம் அன்று, அவர் நிறுத்திய விதமே என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் எல்லோரும் வேகமாகத் தீட்டக்கூடியவர்களே. எப்போது போதும் என்ற நிச்சயம் மட்டும் அவர்களிடம் அவ்வளவு திடமாக இல்லை.

அந்த நிச்சயம் இல்லாமையால் வருந்திய பேரோவியர் ஒருவரும் அக்காலத்தில் அகாடமி மண்டபத்தில் இருந்தார். 1817 ஜூன் 18-ஆம் தேதி லண்டனில் வாட்டர்லூ பாலம் திறக்கப்பட்ட வைபவத்தைப் படமாக்கத் தொடங்கிய ஜான் கான்ஸ்டபிள், அதைப் பல உருவில் வரைந்தும் கைவிட்டும் மீண்டும் எடுத்தும் ஆண்டுகளைக் கழித்து, கடைசியில் 1832-இல்தான் கண்காட்சிக்கு அனுப்பினார். அப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது டர்னரின் ‘ஹெல்வூட்ஸ்லூயிஸ்’ என்ற சாம்பல் நிறக் கடற்காட்சி. வார்னிஷ் நாட்களில் கான்ஸ்டபிள் தம் படத்திலுள்ள படகுகளின் கொடிகளுக்கும் அலங்காரங்களுக்கும் மேன்மேலும் சிவப்பை ஏற்றிக்கொண்டிருக்க, பலமுறை பின்னால் வந்து நின்று இரு படங்களையும் மாறி மாறிப் பார்த்த டர்னர், வர்ணத் தட்டை எடுத்து வந்து, ஒரு ஷில்லிங் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியதான ஒற்றைச் செம்புள்ளியைத் தம் கடலில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். சாம்பல் நிறத்தின் நடுவே அந்தப் புள்ளி ஜாஜ்வல்யமாக எரிய, கான்ஸ்டபிளின் இத்தனை ஆண்டுச் செம்மையும் பலமிழந்து நின்றது. டர்னர் வந்து பீரங்கி வெடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று கான்ஸ்டபிள் மனம் நொந்து சொன்னதாக, இருவருக்கும் நண்பரான லெஸ்லி எழுதியிருக்கிறார். ஒன்றரை நாள் கழித்து, தீட்டுவதற்குரிய கெடு முடியப்போகும் சமயத்தில் டர்னர் திரும்பி வந்து, அப்புள்ளியைக் கடலில் மிதக்கும் ஒரு மிதவையாக உருத்திருத்தினார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் டர்னரின் சாமர்த்தியத்தையே புகழ்வார்கள். எனக்கோ கான்ஸ்டபிளிடம்தான் பரிவு அதிகம். அவர் தம் பெரிய படங்களுக்கு அதே அளவில் முழு மாதிரிப் படங்களைத் தீட்டிப் பார்த்துக்கொண்டு, பிறகு காட்சிக்குரிய படத்தை வரைந்தார். உலகம் மெருகை எதிர்பார்த்தது. அவர் உள்ளமோ மழைக்காற்றின் ஈரத்தை எதிர்பார்த்தது. இன்று ரசிகர்களுள் பலர் காட்சிப் படங்களைவிட அந்த மாதிரிகளில்தான் அவருடைய உயிரைக் காண்கிறார்கள்.

டர்னருடைய துணிவுக்கும் ஒரு விலை உண்டு. ஈரமான வர்ணத்தின்மேல் பிசினும், பிசினின்மேல் மறுபடி வர்ணமும் ஏற்றியதால் அவருடைய படங்கள் பல வெடிப்பு விட்டன. படம் எங்கே முடிகிறது, வார்னிஷ் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காண முடியாமல், பழுப்பேறிய பூச்சை நீக்க முற்படும் பாதுகாப்பு நிபுணர்கள் மிகுந்த அச்சத்தோடு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

1851 டிசம்பரில் டர்னர் காலமானார். மறு ஆண்டே அங்கத்தினர்களின் வார்னிஷ் நாட்களும் நிறுத்தப்பட்டன. அந்தச் சம்பிரதாயத்தை எடுத்துவிட வேண்டுமென்ற பேச்சை அவர் இருந்த வரையில் எதிர்த்து வந்தார். அவர் விட்டுச் சென்ற உயிலில், தாம் பூர்த்தி செய்த ஓவியங்கள் தேசத்தைச் சேர வேண்டும் என்று கண்டிருந்தது. உறவினர்கள் வழக்காடினார்கள். 1856-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, பூர்த்தியானது, ஆகாதது என்ற பேதமே இல்லாமல், அவர் கைவசமிருந்த சுமார் 300 தைல ஓவியங்களும் பல்லாயிரம் சித்திரத் தாள்களும் ஒருங்கே அரசாங்கத்துக்கு வந்து சேர்ந்தன. அத்தாள்களைத் தரம் பிரித்து ஒழுங்கு செய்யும் பெரும் பணியை ஏற்றவர், டர்னரின் புகழை நிலைநாட்டிய விமர்சகர் ஜான் ரஸ்கின்.

இருபது ஆண்டுக்குப் பின் அதே ரஸ்கின், விஸ்லர் என்ற அமெரிக்க ஓவியர் இரவு வானில் வாணம் சிதறி விழுவதைத் தீட்டிய படத்தைக் கண்டு, வர்ணத்தை வாரி இறைத்துவிட்டு 200 கினி விலை கேட்கும் துணிவு என்ற பொருள்பட 1877-இல் கடுமையாக எழுதினார். விஸ்லர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். 1878 நவம்பரில் நடந்த விசாரணையில், இப்படம் எவ்வளவு காலத்தில் தீட்டப்பட்டது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்க, இரண்டு நாள் என்று விஸ்லர் ஒப்புக்கொண்டு, தாம் கேட்கும் விலை ஆயுள் முழுவதும் உழைத்துச் சம்பாதித்த ஞானத்துக்கு என்று விடையளித்தார். ரஸ்கின் தரப்பில் சாட்சி சொன்ன ஓவியர் பர்ன்-ஜோன்ஸ், படம் பூர்த்தியாகவில்லை என்றார். பூர்த்தி என்பதற்கு உதாரணமாக டிஷியன் வரைந்ததாக நம்பப்பட்ட ஒரு வெனிஸ் அதிபதியின் உருவப்படம் ஜூரிகளுக்குக் காட்டப்பட்டது. இன்று அது கட்டேனா என்பவர் கைவேலை என்று கருதப்படுகிறது. தீர்ப்பு விஸ்லர் பக்கமே ஆயினும் கிடைத்த நஷ்டஈடு ஒரே ஒரு ஃபார்திங் காசு. செலவுச் சுமையால் அடுத்த ஆண்டே அவர் திவாலானார். மெருகையே பூர்த்தி என்று கொண்ட தவறுக்கு, டர்னரை அவ்வளவு ஆழமாக அறிந்த ஒருவரும் இடங்கொடுத்தது வருந்தத்தக்கது.

பிறகு காற்று எதிர்த்திசையில் திரும்பியது. டர்னரின் முடிவுபெறாத கித்தான்கள் சில 1906-இல் டேட் காட்சிச்சாலையில் முதன்முறையாக மாட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘நோரம் கோட்டை: சூரியோதயம்’. 1797-இல் இளைஞராக நேரில் கண்டு, மறு ஆண்டே நீர்வர்ணப் படமாகக் காட்சிக்கு வைத்த கோட்டையை, ஏறத்தாழ 1845-இல், நீலமும் மஞ்சளுமான மூடுபனியாக அவர் மீண்டும் தீட்டியிருந்தார். புதிய தலைமுறை அதை அவருடைய சிகரமாகக் கொண்டாடிற்று. அதன் அழகில் நானும் ஈடுபட்டவன்தான். எனினும், அதற்காக அதைப் பூர்த்தியான படம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. வழவழப்பு இல்லாததால் ஒரு படத்தை முடியாதது என்று தள்ளுவது எவ்வளவு பிழையோ, நமக்குப் பிடித்திருப்பதால் அதை முடிந்தது என்று அறிவிப்பதும் அவ்வளவு பிழை. முடிந்தது என்று சொல்லும் அதிகாரம், சுவரோடு நின்று தீட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்த அந்த ஒருவருக்கே உரியது. இக்கித்தானை அவர் தம் கூடத்தை விட்டு வெளியே அனுப்பவேயில்லை.

தம் பூர்த்தியான படைப்புகள் எப்படி நிற்க வேண்டும் என்பதில் டர்னருக்குத் தெளிவான விருப்பம் இருந்தது. 1815-இல் காட்டிய ‘கார்த்தேஜை நிர்மாணிக்கும் டைடோ’ என்ற படத்தை விற்க மறுத்துத் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1807-இல் காட்டிய ‘பனியினூடே எழும் சூரியன்’ என்ற படத்தை, கைமாறிப் போனபின் 1827-இல் ஏலத்தில் தாமே திரும்ப வாங்கினார். தாம் குருவாகப் போற்றிய கிளாட் லொரேனின் இரு ஓவியங்களோடு சேர்த்து மாட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன் இவ்விரண்டையும் லண்டன் நேஷனல் காலரிக்கு எழுதி வைத்தார். அந்த நிபந்தனையை ஏற்ற அக்காட்சிச்சாலை, நான்கு படங்களையும் ஒருசேரவே வைத்திருக்கிறது. லண்டனுக்குச் செல்கிறவர்கள் டேட்டில் நோரம் கோட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் இவற்றின் எதிரே சிறிது நேரம் நிற்க வேண்டும்.