கட்டி போயிடுச்சு, அப்புறம்?

மூளை ஸ்கேன்னு சொன்னாலே கட்டி இருக்கா, இல்லையான்னு பார்க்கிறதுன்னுதான் நாம நினைப்போம். கட்டி போன பிறகும் ஒரு குழந்தையோட மூளையை வருஷக்கணக்கா ஏன் படம் எடுக்கிறாங்க? இன்னிக்கு அந்தக் கதை.

மெடுல்லோபிளாஸ்டோமா. வாயில நுழையாத பேர்தான். பெரும்பாலும் குழந்தைகளுக்கு, சிறுமூளையில வர்ற புற்றுநோய்க் கட்டி. 1925-ல அமெரிக்காவில் ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் வெச்ச பேர் இது. குஷிங் 1930-ல தன்னோட 61 நோயாளிகளைப் பத்தி எழுதினார். மூணு வருஷத்துக்கு அப்புறம் உயிரோட இருந்தது ஒரே ஒருத்தர்.

1953-ல மான்செஸ்டர்ல இருந்து வேற மாதிரி செய்தி வந்தது. இந்தக் கட்டியோட செல்கள் மூளையைச் சுத்தி ஓடுற திரவத்துல பரவும். அதனால எடித் பேட்டர்சனும் ஃபாரும் மூளை, முதுகுத்தண்டு முழுசுக்கும் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தாங்க. பாதிக்கு மேற்பட்டவங்க மூணு வருஷத்தைத் தாண்டினாங்க!

பிழைச்ச குழந்தைங்க பள்ளிக்கூடம் போனாங்க. அங்கதான் அடுத்த பிரச்சினை. கவனம் நிக்கலை, எழுதுற வேகம் இல்லை, வருஷம் ஆக ஆக ஐ.க்யூ. இறங்குது. காரணம் கட்டியா, ஆபரேஷனா, கதிர்வீச்சா? பிரிச்சுச் சொல்றது கஷ்டமா இருந்தது.

1999-ல அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துல, செயின்ட் ஜூட் மருத்துவமனையின் ரேமண்ட் மல்ஹெர்ன் குழு இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு இது. 18 ஜோடிகள். ஒருத்தர் கதிர்வீச்சு வாங்கினவர். இன்னொருத்தருக்கும் மூளையோட அதே பகுதியிலதான் கட்டி, ஆனா வீரியம் குறைஞ்சது, ஆபரேஷன் மட்டும்தான். ரெண்டு பேரையும் எம்.ஆர்.ஐ. எடுத்து, மூளையோட வெண்பொருளை அளந்தாங்க. வெண்பொருள்னா மூளையோட ஒயரிங்னு வெச்சுக்கலாம். நரம்பிழைகள் மேல கொழுப்பு உறை, அதனாலதான் அந்த வெள்ளை நிறம். கதிர்வீச்சு வாங்கினவங்களுக்கு அது குறைவா இருந்தது, ஐ.க்யூ.வும் குறைவு. ரெண்டுக்கும் தொடர்பும் இருந்தது.

2001-ல அதே மருத்துவமனை இன்னொண்ணு சொன்னது. இந்தக் குழந்தைங்க படிச்சதை மறக்கலை. புதுசா கத்துக்கிற வேகம்தான் குறைஞ்சிருக்கு. ஐ.க்யூ.ங்கிறது அதே வயசுப் பசங்களோட ஒப்பிட்டுப் போடுற மார்க். அவங்க ஓடுறாங்க, இவங்க நடக்கிறாங்க, இடைவெளி கூடிக்கிட்டே போகுது.

அப்போ டோஸைக் குறைச்சா என்ன? குறைச்சாங்க. ஆபத்து குறைவான குழந்தைகளுக்கு 36 கிரேல இருந்து 23.4-க்கு இறக்கி, கூடவே கீமோ கொடுத்தாங்க. பலன் இருந்தது. சரி, இன்னும் இறக்கலாமேன்னு 3 முதல் 7 வயசுக் குழந்தைகளுக்கு 18 கிரே கொடுத்துப் பார்த்தாங்க. 2021-ல முடிவு வெளியாச்சு. 18 கிரே வாங்கின குழந்தைகளுக்கு ஐ.க்யூ. சரிவு குறைவுதான். ஆனா நோய் திரும்பாம பிழைச்சவங்களும் குறைவு. அதனால 23.4-லயே நிக்கிறாங்க.

புரோட்டான் சிகிச்சை பத்தி அடுத்த எபிசோடுல பேசுவோம்.