புள்ளிக் கணக்கு: காவடி வடிவங்களை ஏன் சும்மா கொடுக்கிறோம்?

ஓம் சரவணபவ.

தைப்பூசத்துக்கு முன்னாடி மயில் காவடி, திருவாசி, வேல் எல்லாம் சிஎன்சி மெஷினில் வெட்டுவதற்கான ஃபைல்களை இங்கே பகிர்ந்தோம். அதைப் பார்த்த பலர் கேட்டது ஒன்றுதான். "இவ்வளவு வேலை செஞ்சிட்டு ஏன் சும்மா கொடுக்கிறீங்க? ஆளுக்குப் பத்து வெள்ளி வாங்கினாலும் அன்னதானத்துக்கு ஆகுமே!"

நியாயமான கேள்விதான். அதுக்கு மேலே, ஒரு கடை எங்கள் ஃபைலையே எடுத்து விலை போட்டு விற்றதும் தெரிய வந்தது. இனிமேல் கொடுக்க வேண்டாம் என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. பதில் சொல்ல கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

முதல் கதை கோலம். தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு அக்கா போட்ட கோலம் பிடித்துப்போனால், நம்ம அம்மாமார்கள் நோட்டில் புள்ளிக் கணக்கை எழுதி வைத்துக்கொள்வார்கள். நேர்ப்புள்ளியா, இடுக்குப்புள்ளியா, எத்தனை வரிசை என்று தெரிந்தால் போதும். சின்ன வாசலோ ஆலய மண்டபமோ, எந்த அளவிலும் அதே கோலம் வந்துவிடும். யாரும் காசு கேட்டதில்லை. வெக்டர் ஃபைலும் இதேதான். போட்டோ என்பது குட்டிக் குட்டிக் கட்டங்கள். பெரிசாக்கினால் ஓரம் உடைந்துபோகும். வெக்டரில் இருப்பது புள்ளியும், கோடு எப்படி வளையணும் என்ற கணக்கும். 1974லேயே தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியோடும் கமலா கிருத்திவாசனோடும் சேர்ந்து, கோலத்தைக் கணினி இலக்கண விதிகளாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்.

இரண்டாவது கதை ஓட்டை. சோழமண்டலக் கரையில் துணிக்குச் சாயம் எழுதியவர்கள், படம் வரைந்த தாளில் ஊசியால் குத்தி, கரித்தூள் முடிப்பை மேலே தட்டுவார்கள். ஓட்டை வழியாகப் படம் துணியில் இறங்கும். ஒரே தாளில் எத்தனை துணி வேண்டுமானாலும் போடலாம். 1804ல் பிரான்சில் ஜக்கார்டு ஓட்டை போட்ட அட்டைகளால் தறியை ஓட்டினார். அந்த முறை பின்னாளில் காஞ்சிபுரம் வரை வந்தது. பட்டுச் சேலைக் கரையில் இருக்கும் மாங்காயும் மயிலும் அட்டையில் வெறும் ஓட்டைகள்தான். ஹெலிகாப்டர் இறக்கை செய்ய வழி தேடிய ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனையிலிருந்து, 1952ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஓட்டை போட்ட காகித நாடாவால் இரும்பு செதுக்கும் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். இன்றைய சிஎன்சிக்கு அதுதான் தாத்தா.

மூன்றாவது கதையை மட்டும் எங்களால் மறக்கவே முடியாது. மயில் கழுத்தை மெஷின் வழவழப்பாக வெட்டுகிறதே, அந்த வளைவுக் கணக்குக்குப் பெயர் 'பெசியே வளைவு'. பிரான்சில் ரெனோ கார் கம்பெனியில் வேலை செய்த பியேர் பெசியே அதை 1960களில் வெளியே சொன்னார். ஆனால் அதற்கு முன்னாலேயே, 1959ல், சிட்ரோயன் கம்பெனியில் பால் தெ காஸ்தெல்ஜோ இதே கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய கம்பெனி அதை ரகசியமாகப் பூட்டி வைத்தது. பெயர் யாருக்குப் போச்சு? வெளியே சொன்னவருக்கு!

எங்கள் ஆலயத்திலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. முப்பது வருஷமாகக் கை ரம்பத்தாலேயே காவடிப் பலகை வெட்டிக் கொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். பழுப்புத் தாளில் வரைந்த அச்சுகள் அவரிடம் கட்டுக்கட்டாக இருந்தன. "சாமிக்கு வரைஞ்சதுப்பா, யார் கேட்டாலும் குடு" என்பார். நாங்கதான் அடுத்த வருஷம் படி எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டோம். அவர் காலமான பிறகு வீட்டைக் காலி பண்ணியபோது, பாதி கறையானுக்குப் போச்சு, மீதி குப்பைக்குப் போச்சு. பிஸ்கட் டின்னில் இருந்த பதினொரு தாள்தான் மிஞ்சியது. அவர் ஒளித்து வைக்கவில்லை. நாங்கள் கேட்டு வாங்கி வைக்கவில்லை. நீங்கள் இறக்கிக்கொண்ட மயில் அந்தப் பதினொன்றில் ஒன்று.

அந்தத் தாள்களை இங்க்ஸ்கேப்பில் கோடு கோடாக இழுத்தோம். அதுவும் 2003லிருந்து முகம் தெரியாத யார் யாரோ சும்மா கொடுத்து வரும் மென்பொருள்தான். வாங்கிக்கொள்ளும்போது இலவசம் இனிக்கிறது, கொடுக்கும்போது மட்டும் கசக்கலாமா?

நீங்களும் வரைந்து கொடுப்பதாக இருந்தால் சிலவற்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு கோடும் முட்டி மூடியிருக்கணும். ஒரே கோடு இரண்டு முறை இருந்தால் லேசர் இரண்டு முறை எரிக்கும். 'ஓம்' என்று துளைத்து வெட்டினால் எழுத்துச் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழும். சின்னப் பாலம் வைக்கணும். 3 மில்லிமீட்டர் பிட் போட்டால் உள்மூலை 1.5 மில்லிமீட்டர் வளைவாகத்தான் வரும். தமிழ் எழுத்தை வளைவுகளாக மாற்றிவிட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் அடுத்தவர் கணினியில் எழுத்து சிதறிவிடும். அளவு மில்லிமீட்டரா இஞ்சா என்று எழுதுங்கள். 600 மில்லிமீட்டரை மெஷின் 600 இஞ்ச் என்று படித்தால், இரண்டடி திருவாசி ஐம்பதடியாக வந்து நிற்கும்!

அந்தக் கடை விஷயத்துக்கு வருவோம். அங்கே காசு கொடுத்து வாங்கினவரும் ஒரு பக்தர்தான். இலவசம் என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் நிறுத்துவதை விட, இன்னும் நாலு பேருக்குத் தெரியும்படி கொடுப்பது என்று முடிவு செய்தோம். பலகைக்கும் வெட்டுக் கூலிக்கும் கடையில் காசு கொடுப்பது நியாயம். வடிவத்துக்குக் காசு வேண்டாம். மனசு இருந்தால் ஆலய உண்டியலில் போடுங்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ ஆலயத்திலோ பழைய கோல நோட்டு, காவடி அச்சு, கோபுர வரைபடம் இருந்தால் இன்றைக்கே போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். நாங்கள் இருந்தோம், மிஞ்சியது பதினொன்று.

முருகன் துணை. 🙏