இரண்டு நச்சு

சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை ஒரு மரத்தின் பெயர். பிச்சாவரத்தில் படகேறினால் சுரபுன்னைக் காட்டோரம் இன்றும் அதைக் காணலாம். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். தோலில் பட்டால் கொப்புளம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஊருக்குப் பெயர் தந்து, கோயிலுக்குத் தலமரமாகவும் நிற்பது ஒரு நச்சு மரம்.

'நஞ்சு' இன்னொரு சொல்லோடு சேரும்போது 'நச்சு' ஆகும், இரும்பு 'இருப்புப்பாதை'யில் மாறுவதுபோல. அதே வடிவில் 'நச்சு' என்றொரு வினையும் உண்டு, பொருள், விரும்புதல். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பது அதுதான். நன்றியில் செல்வம் அதிகாரத்தில் ஒரே குறளுக்குள் வள்ளுவர் இரண்டையும் வைத்தார்: யாரும் விரும்பாதவன் செல்வம், ஊர் நடுவே பழுத்த நஞ்சுமரம்.

வைரஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குப் பிசுபிசுத்த சாறு, நஞ்சு என்று பொருள். வடமொழி 'விஷ'மும் அதன் உறவுச்சொல். பாட்டி சொன்ன விஷக்காய்ச்சலும் டாக்டர் சொல்லும் வைரல் காய்ச்சலும் அப்படி ஒரே வேருக்குப் போய்ச் சேர்கின்றன. புகையிலைத் தேமல் நோய் கண்ட இலையின் சாற்றை நுண்ணிய வடிகட்டியில் வடித்த பிறகும் அது நோயைத் தொற்ற வைத்தது. 1898இல் ஆய்வாளர் பெயெரிங்க் அந்தத் தொற்றுப்பொருளை வைரஸ் என்றார். தமிழில் அது நச்சுயிரி ஆயிற்று.

நோய்ப்பட்டவர் பக்கம் நின்று வைத்த பெயர் இது. நோய் கொடுக்கும் பூஞ்சையையே ஒரு நச்சுயிரி பிடித்தால்?

பூஞ்சைக்கும் வைரஸ் உண்டு என்பதை 1962இல் ஆய்வாளர் ஹாலிங்ஸ், நோயுற்ற வளர்ப்புக் காளான்களில் காட்டினார். செஸ்ட்நட் மரங்களைக் கருக்கிய பூஞ்சையின் கதை இன்னும் சுவையானது. ஐரோப்பாவில் சில மரங்களின் புண்கள் தாமே ஆறின. பூஞ்சைக்குள் புகுந்த நச்சுயிரி அதன் வீரியத்தைக் குறைத்திருந்தது. இந்த நச்சுயிரி பெரும்பாலும் பூஞ்சைக்கு வெளியே உலவாது. பூஞ்சை இழைகள் ஒன்றோடொன்று இணையும்போதும் வித்துகளின் வழியாகவும் பரவும். ஒத்துப்போகாத வகைகளின் இழைகள் இணையா. அமெரிக்காவில் அத்தகைய வகைகள் ஏராளம். அதனால் அங்கே இந்த நச்சுயிரி வைத்தியம் பெரிதாகப் பலிக்கவில்லை.

நம் வயலிலும் ஒரு பெயர்க் கூத்து உண்டு. கதிர் முற்றும்போது சில நெல்மணிகள் மஞ்சள் உருண்டைகளாக வீங்கிப் பிறகு கரும்பச்சை ஆகும். நெற்பழ நோய் என்பார்கள். லட்சுமி நோய் என்றும் சொல்வார்கள். நல்ல ஈரமும் செழித்த பயிரும் இருக்கும் பருவத்தில் வருவதால் அமோக விளைச்சலின் அறிகுறியாக அதை எண்ணினார்கள். திருநெல்வேலியிலிருந்து போன மாதிரிகளைக் கொண்டு 1878இல் அந்தப் பூஞ்சையை விவரித்தவர் ஆங்கிலேயர் குக். சீன வயல்களில் எடுத்த அதே பூஞ்சைக்குள் இந்நூற்றாண்டில் பல நச்சுயிரிகளைக் கண்டிருக்கிறார்கள். அவை இன்னும் வயலுக்கு மருந்தாக வரவில்லை.

மணியைக் கெடுப்பது லட்சுமி. கெடுப்பதைக் கெடுக்கக்கூடியது நச்சுயிரி. பூஞ்சைக்கு அந்தப் பெயரில் இருப்பது நஞ்சு. வீராணம் ஏரித் தண்ணீரில் சம்பா போடுகிறவருக்கோ, ஒருநாள் அது நச்சினார்க்கினியரின் நச்சாகலாம்.