மணம் அறியாத காய்ச்சல்: கொட்டியாரக் கரையின் நோய் வரலாற்றில் ஒரு விடுபட்ட பக்கம்

திருகோணமலை மாவட்டத்தின் தென்பகுதியில், ஈச்சிலம்பற்றை அடுத்து, களப்பு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் இலங்கைத்துறை அமைந்துள்ளது. வடக்கே கொட்டியாரக் குடாவும் மூதூர், கிண்ணியா ஆகிய ஊர்களும், குடாவுக்கு அப்பால் திருகோணமலை இயற்கைத் துறைமுகமும் இருப்பதால், இக்கரையின் நோய் வரலாறு கப்பல்களின் வரவோடும் அவற்றில் வந்திறங்கியோரின் காய்ச்சல்களோடும் சேர்த்தே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அந்த வரலாற்றில் மணத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு மூன்று விதமாக விளங்கிக்கொள்ளப்பட்டது. ஊர் வழக்கம் நோயாளியைச் சூழ்ந்த மணத்தைக் கட்டுப்படுத்தியது. குடியேற்றக்கால மருத்துவம் துர்நாற்றத்தையே நோயின் காரணமாகக் கருதியது. 2020இல் பரவிய கொரோனா தொற்றோ மணம் தெரியாமையை நோயின் அடையாளமாக்கியது. மணத்தையும் சுவையையும் இழந்தவருக்கு அதனால் நேரும் இழப்பு மட்டும் இம்மூன்றிலும் பெரும்பாலும் கணக்கில் வராமற்போனது.

கிழக்கிலங்கைத் தமிழரிடையே பெரியம்மை, கொப்பளிப்பான், சின்னமுத்து முதலிய நோய்கள், இன்று வைரசுத் தொற்றுகள் என அறியப்படுபவை, நெடுங்காலமாக அம்மனின் வெம்மையோடு தொடர்புபடுத்தப்பட்டன. வைகாசி மாதத்தில் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறந்து சில நாள்கள் சடங்கு நடத்தி, இறுதியில் குளிர்த்தி பாடி அந்த வெம்மையைத் தணிக்கும் வழக்கம் இம்மாகாணத்தில் இன்றும் நிலவுகிறது. அம்மாள் வருத்தம் எனப்பட்ட இந்நோய்கள் கண்ட வீட்டில் தாளிதமும் பொரியலும் நிறுத்தப்பட்டன. மீனும் இறைச்சியும் அடுப்பேறவில்லை. வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. நாள்தோறும் மீன் சமைக்கும் கடற்கரை வீடொன்றில் இது சிறிய கட்டுப்பாடன்று. அயலார் அவ்வீட்டின் நோயை வேப்பிலையைக் கண்டு மட்டுமல்லாமல், அடுக்களையிலிருந்து வழமையான மணம் எழாததைக் கொண்டும் அறிய முடிந்தது.

அம்மை அல்லாத தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் வேறு முறை வழங்கியது. கொத்தமல்லியையும் வேர்க்கொம்பையும் அவித்த குடிநீர், மிளகு சேர்த்த இரசம், நொச்சி, வேம்பு, தேசி ஆகியவற்றின் இலைகளைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் ஆவியை உள்ளிழுக்கும் வேது பிடித்தல் ஆகியவை இதன் முதன்மையான கூறுகள். இவை யாவும் கடுமையான மணமும் காரமும் கொண்டவை என்பது கவனிக்கத்தக்கது. சித்த மருத்துவம் மூக்கடைப்பு, நீர்வடிதல், மணம் அறியாமை போன்றவற்றைப் பீனிசம் என்ற நோய்த்தொகுதிக்குள்ளும், உணவில் சுவையும் விருப்பமும் அற்றுப்போவதை அரோசகம் என்ற பெயரிலும் வகுத்தது. நாடி, தொடுகை, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் ஆகியவற்றோடு நாவையும் சேர்த்து எண்வகைத் தேர்வாகக் கொண்ட அம்மருத்துவத்தில், நோயாளியின் நாக்கில் தோன்றும் மாற்றம் நோயறிதலுக்கு உரிய சான்றாக மதிக்கப்பட்டது. இம்மருத்துவ மரபு இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது.

துறைமுகத்தின் பார்வை இதிலிருந்து வேறுபட்டது. 1660இல் கொட்டியாரத்தில் சிறைப்பட்ட ஆங்கிலேயக் கடலோடி ரொபேட் நொக்சின் தந்தை அடுத்த ஆண்டில் காய்ச்சலால் இறந்தார். 1795இல் பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றிய பின்னர், அங்கு நிறுத்தப்பட்ட ஐரோப்பியப் படையினரிடையே காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் தொடர்ந்து பரவியதால், அத்துறைமுகம் நலத்துக்கு ஒவ்வாத இடமெனப் பெயர் பெற்றது. சதுப்பு நிலத்திலும் அழுகும் தாவரங்களிலும் இருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலை உண்டாக்குகிறது என்ற நச்சுக்காற்றுக் கொள்கை அக்கால மருத்துவர்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்தது. அவர்களைப் பொறுத்தவரை மூக்கு ஆபத்தை முன்னறிவிக்கும் கருவி. துர்நாற்றம் வீசும் இடம் தவிர்க்க வேண்டிய இடம். மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்வதை 1897இல் ரொனால்ட் ரோஸ் செக்கந்தராபாத்தில் கண்டறிந்தமை இக்கொள்கையின் எஞ்சிய பிடியையும் தளர்த்தியது.

அதே 1897இல், பம்பாயில் பரவிய கொள்ளைநோயின் அச்சத்திடையே, தொற்றுநோய்த் தடுப்புக்கும் தனிமைப்படுத்தலுக்கும் உரிய கட்டளைச்சட்டம் இலங்கையில் நிறைவேறியது. கப்பலை நிறுத்தவும் பயணிகளைப் பிரித்து வைக்கவும் அதிகாரம் அளித்த இவ்வகைச் சட்டங்கள், உயிரை விரைவில் பறிக்கும் நோய்களையே முதன்மையாக நோக்கின. திருகோணமலைக் கல்லறைகளும் அத்தகைய சாவுகளையே நினைவுபடுத்துகின்றன. 1852இல் பர்மாப் போரின்போது வாந்திபேதியால் இறந்த கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஓஸ்டின், நாவலாசிரியை ஜேன் ஓஸ்டினின் தம்பி, இங்குதான் அடக்கம் செய்யப்பட்டார். இறக்காமல் மணத்தையும் சுவையையும் மட்டும் இழந்து பிழைத்தவருக்கு இத்தகைய ஆவணங்களில் இடமிருக்கவில்லை.

வைரசுக் காய்ச்சல்களுக்கும் இந்த இழப்புக்கும் உள்ள தொடர்பு மருத்துவர்களுக்கு முற்றிலும் புதியதன்று. 1889, 1890ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய ரஷ்யக் காய்ச்சலின்போது மணமும் சுவையும் அற்றுப்போன நோயாளிகளை அக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் பதிவு செய்தனர். அது கொரோனா வகை வைரசால் நேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் பிற்காலத்தில் கருதினர். 1918இன் இன்புளுவென்சா இலங்கையையும் கடுமையாகத் தாக்கியது. அதன் உயிரிழப்பு பற்றிய மதிப்பீடுகள் பல்லாயிரங்களிலிருந்து 3 இலட்சம் வரை வேறுபடுகின்றன. இத்தகைய பேரிழப்பின் நடுவே பிழைத்தவரின் புலன் குறைபாடு பேசப்படாமற்போனது வியப்புக்குரியதன்று. 2017இல் கிண்ணியாவில் டெங்கு கடுமையாகப் பரவி, நாடெங்கும் 1,86,000க்கு மேற்பட்டோர் அவ்வாண்டில் நோயுற்றபோதும், காய்ச்சலோடு வந்த வாய்க்கசப்பு சிறு துன்பமாகவே கருதப்பட்டது.

2020 இந்த நிலையை மாற்றியது. அவ்வாண்டு மார்ச்சில் பிரித்தானியக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் திடீரென மணம் தெரியாமற்போவதைக் கொரோனாவின் அறிகுறியாகக் கொள்ள வேண்டும் என அறிவித்தனர். மே 18இல் பிரித்தானியாவும் ஜூன் 13இல் இந்தியாவும் இதை அதிகாரபூர்வ அறிகுறிப் பட்டியலில் சேர்த்தன. இலங்கையில் 1897ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டமே மீண்டும் தனிமைப்படுத்தலின் சட்ட அடிப்படையாயிற்று. சட்டம் பழையதாக இருந்தாலும், அது இப்போது தேட வேண்டியிருந்த அடையாளங்களுள் ஒன்று உடலின் வெளியே எதையும் காட்டாதது. நோயாளி தாமே உணர்ந்து சொன்னாலன்றி வேறெவரும் அறிய முடியாத இந்த அறிகுறியைச் சோதிக்க, மக்கள் தம் வீட்டுக் கோப்பித்தூளையும் தேசிக்காயையும் முகர்ந்து பார்த்தனர்.

சாதாரணத் தடிமனில் சளியும் வீக்கமும் காற்று மூக்கின் மேற்பகுதியை அடையாதபடி தடுக்கின்றன; கொரோனாவில் மூக்கடைப்பு இல்லாமலே மணம் மறைந்தது. மணத்தை உணரும் நரம்பணுக்களைத் தாங்கிப் பேணும் துணையணுக்களில் வைரசு நுழைவதற்குரிய ஏசிஈ2 என்னும் புரதம் இருப்பதையும், நரம்பணுக்களில் அது பெரும்பாலும் இல்லாததையும் 2020இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. துணையணுக்கள் சிதைந்ததும் நரம்பணுக்கள் செயலிழந்தன. உண்ணும்போது வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்கின் மேற்பகுதிக்கு ஏறும் மணமே உணவின் சுவையில் பெரும்பகுதி என்பதால், நாக்குப் பழுதுபடாத நிலையிலும் மீன்குழம்பு வெறும் புளிப்பும் உப்புமாக மட்டுமே தெரிந்தது. மிளகாயின் எரிவை வேறொரு நரம்பு உணர்வதால் உறைப்பும் பலரிடம் எஞ்சியது. காரமான குடிநீரும் மிளகு இரசமும் சுவையற்ற வாய்க்கு ஏற்புடையனவாக ஏன் நிலைபெற்றன என்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம். எனினும் அவை இழந்த மணத்தை மீட்டன என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளுதல் தகாது.

மணமுணரும் நரம்பணுக்கள் மீள வளரும் ஆற்றல் உடையவை என்பதால் பெரும்பாலோர் சில கிழமைகளில் குணமடைந்தனர். சிலருக்கோ இழப்பு மாதக்கணக்கில் நீடித்தது. வேறு சிலருக்கு நல்ல மணம் கெட்ட நாற்றமாகத் தோன்றும் மணத்திரிபு உண்டாயிற்று. செருமனியின் திரெசுடென் நகரில் தோமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட நுகர்ச்சிப் பயிற்சி இவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ரோசா, யூக்கலிப்டசு, எலுமிச்சை, கராம்பு ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை, 12 கிழமைகள் கவனத்தோடு முகர்வதே அப்பயிற்சி.

கொட்டியாரக் கரையில் இக்குறைபாடு தொழிலையும் தொடுகிறது. பிடித்த மீனின் பதத்தையும், உப்பிட்டு உலர்த்தும் கருவாடு கெட்டதா என்பதையும், சட்டியில் உறையும் எருமைத் தயிரின் நிலையையும் மூக்கே முதலில் தீர்மானிக்கிறது. இந்த அறிவு எந்தச் சான்றிதழிலும் இல்லாதது. அதை இழந்தவர் நட்டஈடு கோருவதற்கும் எளிய வழி இல்லை. வீட்டில் எரிவாயுக் கசிவை அறிய முடியாமை இன்னொரு ஆபத்து. கண்ணும் காதும் பழுதுற்றால் தொழில் இழப்பு எனக் கணிக்கும் நிர்வாகம் மூக்கைப் பெரும்பாலும் அவ்வாறு கணிப்பதில்லை. சாவையும் தொற்றையும் எண்ணுவதற்கென உருவான துறைமுக ஆவண முறை, பிழைத்தவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதைக் கேட்கப் பழகாததன் தொடர்ச்சியே இது. மணமிழப்பை நோயறிய உதவும் குறியாக ஏற்ற மருத்துவத்துறை, அதை நீடிக்கும் ஊனமாகவும் பதிவு செய்யத் தொடங்கினால்தான், கரையோர மக்களின் நோய் வரலாற்றில் இதுவரை எழுதப்படாதிருக்கும் பகுதி எழுதப்படும்.