ஒரே பெயர், எத்தனை ஆள்?

‘பேரன்’ என்ற சொல்லுக்குப் ‘பெயரன்’ என்று பொருள். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால் அந்தப் பெயர். நம் முன்னோர் அன்போடு செய்த இந்த ஏற்பாடு, குடும்ப வரலாறு தேடுகிறவனை எவ்வளவு பாடுபடுத்தும் என்பது பழைய கோயில் பதிவேட்டைத் திறந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தோணி மகன் சந்தியாகு, சந்தியாகு மகன் அந்தோணி, அந்தோணி மகன் சந்தியாகு என்று அது போய்க்கொண்டே இருக்கும். நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வரியில் ‘சந்தியாகு’ என்று பார்த்தால், அது தாத்தாவா, பேரனா, அடுத்த வீட்டுக்காரரா என்று உடனே சொல்ல முடியாது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். குமாஸ்தா உத்தியோகத்தில் இருந்தவரை அந்தப் படிப்பால் பெரிய பயன் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் பயன் வந்தது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து உறவினர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளின் நகலை எடுத்துக்கொண்டு வருவார்கள். லத்தீனும் பிரெஞ்சும் கலந்த, பூச்சி அரித்த பக்கங்கள். அவற்றைப் படித்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இராமநாதபுரம் கடற்கரையில் வேர் உள்ள எந்தக் கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் இது உதவும்.

முதலில், இந்தக் கடற்கரையில் ஏன் இவ்வளவு பேருக்கு ஒரே பெயர்?

1530-களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி, ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். நம் மண்டபத்தை ஒட்டிய வேதாளையில் 1538-இல் மார்த்தீம் அபோன்சு த சோசா நடத்திய கடற்போரோடு இந்தக் கடலில் போர்த்துக்கீசியர் கை ஓங்கியது. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகவும், ஒவ்வொருவருக்கும் பெயரை எழுதிக் கொடுத்ததாகவும் அவரே 1545-ஆம் ஆண்டுக் கடிதத்தில் சொல்கிறார். பத்தாயிரம் பேருக்குப் பத்தாயிரம் விதமான பெயர் எங்கே கிடைக்கும்? அர்ச்சியசிஷ்டவர்களின் பெயர்கள் ஒரு சில டஜன்தான் புழக்கத்தில் இருந்தன. பெர்னாண்டோ, ரொட்ரிகோ, கோமஸ், மிராண்டா என்று பின்னால் சேர்ந்த குலப்பெயர்களும் அப்படியே. அதனால் ஒரே குலப்பெயர் என்பதை வைத்து ஒரே ரத்தம் என்று முடிவுகட்டக் கூடாது.

இதற்குப் பெரிய மனிதர்களே உதாரணம். சாமூதிரி மன்னரால் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய குதிரை வியாபாரி ஒருவரின் பெயர் ஜோவான் த குரூஸ். பரதவர்கள் கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் கேட்க யோசனை சொன்னவர் அவர்தான். அதே காலத்தில் பரதவர்களின் சாதித் தலைவராக இருந்த விக்கிரம ஆதித்த பாண்டியருக்கும் ஞானஸ்நானப் பெயர் ஜோவான் த குரூஸ் என்றே சொல்லப்படுகிறது. ஒருவர் மலையாளக் கரை வியாபாரி, மற்றவர் முத்துக்குளித்துறைத் தலைவர். பெயரை மட்டும் பார்த்து இருவரையும் ஒருவராக்கினால் அந்தக் காலத்துக் கதையே தலைகீழாகிவிடும்.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும் வந்த தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். இராமநாதபுரம் சேதுபதிகளிலேயே ரெகுநாதர் ஒருவருக்கு மேல் உண்டு. அருளானந்தரை 1693-இல் ஓரியூரில் கொல்ல வைத்தவரை நாம் ‘கிழவன் சேதுபதி’ என்று அடைமொழியோடு சொல்வதால்தான் குழப்பமில்லாமல் தெரிகிறது. 1795-இல் ஆங்கிலேயர் பதவியிலிருந்து இறக்கியவரும் முத்துராமலிங்க சேதுபதி, விவேகானந்தருக்குத் துணை நின்ற பாஸ்கர சேதுபதியின் தகப்பனாரும் முத்துராமலிங்க சேதுபதி. மன்னர்களுக்கே அடைமொழி தேவைப்பட்டது என்றால் வலை வீசுகிறவர்களுக்குத் தேவைப்படாதா? ஊரில் அதற்குத்தான் பட்டப்பெயர் இருந்தது. ஆனால் குருவானவர் பட்டப்பெயரை ஏட்டில் ஏற்றுவதில்லை.

இரண்டாவது சிக்கல், மொழி. இந்தக் கரையில் நெடுங்காலம் கோவா வழிக் குருக்கள் இருந்தார்கள். அவர்கள் கை போர்த்துக்கீசியம். 1838 முதல் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் மதுரை மிஷனுக்கு வந்தார்கள். அவர்கள் ஏட்டை லத்தீனில் எழுதி, ஓரக் குறிப்பைப் பிரெஞ்சில் எழுதிவிடுவார்கள். இரு தரப்புக்கும் அதிகாரச் சண்டை நடந்த காலத்தில் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் இரண்டு கோயில் ஏடுகளில் பிரிந்து கிடப்பதும் உண்டு.

பெயர்கள் மொழி மாறும்போது என்ன ஆகும் என்று பாருங்கள். வீட்டில் ராயப்பன், ஏட்டில் பேத்ருஸ். வீட்டில் சின்னப்பன், ஏட்டில் பவுலுஸ். சூசை என்றால் யோசேப், அருளப்பன் என்றால் யோவான்னெஸ். இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, பழகிவிடலாம். கஷ்டம் எங்கே என்றால், தமிழில் வேறு வேறாக இருக்கும் இரண்டு பெயர்கள் லத்தீனில் ஒன்றாகிவிடும் இடத்தில். சந்தியாகுவும் யாகோபுஸ், யாகப்பனும் யாகோபுஸ். ஒரு பெயர் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது, மற்றது லத்தீனிலிருந்தே தமிழானது. ஊரில் இரண்டு ஆள், ஏட்டில் ஒரே பெயர்.

இந்த ஒரு விஷயம் எத்தனை வருஷத்து மனக்கசப்பாக வளர முடியும் என்பதற்கு நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஊரையும் ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். சந்தியாகு, யாகப்பன் என்பவற்றை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன், அவை இல்லாமல் கதை இல்லை.

என்னைவிட இரண்டு வயது மூத்த ஒருவர், எனக்கு அண்ணன் முறை, தம் பூட்டனார் சந்தியாகுவைப் பற்றிக் கேட்டு வந்தார். குடும்பத்தில் வழங்கிவந்த கதை இது: சந்தியாகு தன் மனைவி அன்னம்மாளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, பக்கத்து ஊரில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த இரண்டாவது குடும்பத்தின் வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள். இரு வீட்டாரும் கோயில் திருவிழாவில் பார்த்தால்கூடப் பேசுவதில்லை. “ஓடிப்போனவன் வம்சம்” என்று இவர்களையும், “குடியைக் கெடுத்தவள் வம்சம்” என்று அவர்களையும் சொல்லியே மூன்று தலைமுறை கழிந்துவிட்டது. ஆதாரம் என்ன? கோயில் ஏட்டில் இரண்டு திருமணங்கள். அந்தோணி மகன் யாகோபுஸ் அன்னாவை மணந்தது ஒன்று. மூன்று வருடம் கழித்து அந்தோணி மகன் யாகோபுஸ் கத்தரீனாவை மணந்தது மற்றொன்று. யாரோ ஒருவர் எப்போதோ இதைப் பார்த்து வந்து சொல்லியிருக்கிறார். கதை நிலைத்துவிட்டது.

நான் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன்.

முதல் திருமணத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘தெஃபுங்க்தி’ என்று இருந்தது. காலஞ்சென்ற என்று பொருள். மூன்று வருடம் கழித்து நடந்த திருமணத்தில் அந்தச் சொல் இல்லை. அந்தோணி உயிரோடு இருக்கிறார். செத்தவர் பிழைத்து வரமாட்டார். இது முதல் சந்தேகம். ஆனால் குருவானவர் எழுத மறந்தும் இருக்கலாம். ஒரு சொல்லை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது, இரண்டாம் திருமணத்தில் மாப்பிள்ளை மனைவியை இழந்தவர் என்ற குறிப்பு இல்லை. மணமாகாதவர் என்றே எழுதியிருக்கிறது. அன்னம்மாள் அப்போது அதே பங்கில் உயிரோடு இருக்கிறாள். கட்டிய மனைவி இருக்க, மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்து, அதே ஊரார் முன்னிலையில் எந்தக் குருவானவர் தாலி எடுத்துக் கொடுப்பார்?

மூன்றாவது, உறவுத் தடை. அன்னம்மாள் திருமணத்தில் இரத்த உறவுத் தடைக்கு இரண்டாம் படியில் விலக்கு கொடுத்ததாக இருக்கிறது. திருச்சபைக் கணக்கில் இரண்டாம் படி என்றால் அத்தை மகள், மாமன் மகள். (பிரெஞ்சு சிவில் சட்டக் கணக்கில் இதே உறவு நான்காம் படி. எத்தா சிவில் தாள்களையும் கோயில் ஏட்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) அப்படியானால் இந்த யாகோபுஸின் பெற்றோரில் ஒருவரும் அன்னம்மாளின் பெற்றோரில் ஒருவரும் கூடப்பிறந்தவர்கள். இதைப் பிடித்துக்கொண்டு ஞானஸ்நான ஏட்டுக்குப் போனால், சில வருட இடைவெளியில் இரண்டு யாகோபுஸ்கள். இருவருக்கும் தகப்பன் அந்தோணி, தாய் மரியா. ஆனால் ஞானத் தகப்பன், ஞானத் தாய் வேறு வேறு. ஒருவனுக்கு ஞானத் தகப்பனாக நின்றவர் அன்னம்மாளின் தகப்பனார்.

கடைசி ஆணி ஏட்டுக்கு வெளியே கிடைத்தது. மற்ற வீட்டாரிடம் ஒரு பழைய தென்னந்தோப்புப் பத்திரம் இருந்தது. தமிழில் எழுதியது. அதில் கத்தரீனாவின் கணவர் பெயர் தெளிவாக ‘அந்தோணி மகன் யாகப்பன்’. அவர் சந்தியாகுவே அல்ல.

அப்படியானால் சந்தியாகு எங்கே போனார்? இறப்பு ஏட்டில் அவர் இல்லை. அந்த ஏடு பெயருக்கு இறப்பு ஏடு, உண்மையில் அடக்க ஏடு. உடல் கிடைத்து, குருவானவர் மந்திரித்துப் புதைத்தால்தான் வரி விழும். கடலில் போய்த் திரும்பாதவனுக்கு வரி இல்லை. இந்தக் கரையில் சங்கு குளிக்கப் போனவர்கள், வத்தையில் போனவர்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் ஏட்டிலிருந்து சத்தமில்லாமல் மறைகிறார்கள். ஆனால் அன்னம்மாளின் அடக்கப் பதிவு இருக்கிறது. அதில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டே சொல்: ‘விதுவா யாகோபி’. யாகோபுஸின் விதவை. அவள் செத்த அன்று அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது, அவள் கைவிடப்பட்டவள் அல்ல என்று. பின்னால் வந்தவர்கள்தான் மறந்தார்கள்.

அண்ணன் அந்த இரண்டு சொல்லையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் பேசவில்லை. அந்த வருடம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, சந்தியாகுவின் பெயருக்கு முதல்முறையாகப் பூசை வைத்தார். மற்ற வீட்டாருக்கும் சொல்லி அனுப்பினார். இரண்டு பேர் வந்தார்கள் என்று கேள்வி.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழிமுறை எளிதானது. ஆளைப் பெயரால் தேடாதீர்கள். அவரைச் சுற்றி நிற்பவர்களால் தேடுங்கள். திருமணத்தைப் பதிய வேண்டும் என்று திரெந்து சங்கம் 1563-இல் கட்டளையிட்டதும், எந்தெந்த ஏடு வைக்க வேண்டும் என்று 1614-ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூல் வகுத்ததும், யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரைக் கட்டக் கூடாது என்று பார்ப்பதற்காகவே. அதனால் ஞானப் பெற்றோர், சாட்சிகள், உறவுத் தடை விலக்கு ஆகிய மூன்றும்தான் ஏட்டின் உயிர்.

1908-க்குப் பின் பிறந்தவர்கள், அதற்குப் பின் மணமுடித்தவர்கள் விஷயத்தில் வேலை சுலபம். 1907-இல் வந்த நே தெமெரே ஆணைப்படி, திருமணம் எங்கே நடந்தாலும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். அந்த ஓரக் குறிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஆள் தப்ப முடியாது. இறப்புப் பதிவில் உள்ள வயதை மட்டும் நம்பாதீர்கள். நாற்பது, ஐம்பது, அறுபது என்று உத்தேசமாகவே எழுதுவார்கள். ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு பிள்ளை வந்தால், முதல் பிள்ளை இறந்திருக்கிறதா என்று நடுவில் உள்ள அடக்க ஏட்டைப் பாருங்கள். போன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அன்று சாதாரணம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஆதாரமாவது சேராமல் கோடு போட்டு இணைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஏடுகள் நிரந்தரமல்ல. உப்புக் காற்றும் கரையானும் இருக்கின்றன. 1964 டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்பதை இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால், முன்னோர்களின் பட்டப்பெயர்களை இன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏட்டில் இல்லாதது அதுதான். ஒரே பெயரில் இருக்கும் இரண்டு பேரைப் பிரிக்கப் பல சமயம் மிஞ்சுவதும் அதுதான்.