மரப்பட்டைச் சரக்கு புற்றுநோய் மருந்தானது எப்படி?

“மூலிகையிலதானே மருந்து இருக்கு, அதை அப்படியே குடிச்சா என்ன? லேப்ல எதுக்கு மாத்தணும்?” புற்றுநோய் பற்றிப் பேச்சு வந்தால் ஃபேமிலி வாட்ஸ்ஆப் குரூப்பில் தவறாமல் வரும் கேள்வி இது. கேம்ப்டோதெசின் கதையைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

எங்கிருந்து வந்தது?

சீனாவின் கேம்ப்டோதெக்கா மரத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்து 1966-ல் அறிவித்தது, அமெரிக்காவில் பணியாற்றிய மன்ரோ வால், மன்சுக் வாணி குழு. வாணி மகாராஷ்டிராவில் பிறந்தவர். 1972-ல், மும்பை சிபா ஆய்வு மையத்தின் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் என்.விஸ்வநாதனும் இதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நோத்தபோடிடிஸ் மரத்திலும் இருப்பதாகச் சொன்னார்கள்.

என்ன செய்யும்?

செல் பிரியும்போது டிஎன்ஏ முறுக்கிக்கொள்ளும். டோபோஐசோமெரேஸ்-1 என்ற நொதி ஓர் இழையை வெட்டி, முறுக்கை எடுத்துவிட்டு, திரும்ப ஒட்டிவிடும். கேம்ப்டோதெசின் அந்த ஒட்டும் வேலையைத் தடுக்கிறது. வெட்டு ஆறாத செல் செத்துப்போகும். இது தெரியவந்தது 1985-ல்தான்.

அப்புறம் என்ன சிக்கல்?

அது தண்ணீரில் கரையாது. கரைய வைக்க, சோடியம் உப்பாக மாற்றி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூலக்கூறின் முக்கியமான வளையம் ஒன்று திறந்துகொண்டது. கரைந்தது, ஆனா வீரியம் போச்சு. சிறுநீரின் அமிலத்தில் வளையம் மறுபடி மூடிக்கொள்ள, சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு. 1970-களிலேயே சோதனைகள் கைவிடப்பட்டன.

அனலாக் வந்தது எப்படி?

அனலாக் என்றால், மூல வடிவத்தை வைத்துக்கொண்டு சில இடங்களை மட்டும் மாற்றிய மூலக்கூறு. வளையத்தைத் தொடாமல், வேறோர் இடத்தில் கரையும் தன்மையுள்ள கிளையைச் சேர்த்தார்கள். டோபோடெக்கான் பிறந்தது. இன்னொன்று இரினோடெக்கான், இதை உருவாக்கியதில் ஜப்பானின் யாகுல்ட்டுக்குப் பங்கு உண்டு. ஆமாம், அதே யாகுல்ட்தான்! உடலுக்குள் போன பிறகே இது வீரியமான வடிவத்துக்கு மாறும். இரண்டுக்கும் 1996-ல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. டோபோடெக்கான் சினைப்பைப் புற்றுநோய்க்கும், இரினோடெக்கான் பெருங்குடல் புற்றுநோய்க்கும் தரப்படுகின்றன.

அப்போ ரிஸ்க்கே இல்லையா?

இருக்கு. இரினோடெக்கானால் கடும் வயிற்றுப்போக்கு வரலாம், வெள்ளணுக்கள் குறையலாம். யுஜிடி1ஏ1 மரபணு வேறுபாடு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதால் டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும். அளந்து ஏற்றும் மருந்துக்கே இவ்வளவு கவனம் தேவை. அளவே தெரியாத கஷாயத்தில் எதைக் குறைப்பது?

மரம் என்ன ஆச்சு?

மூலப்பொருளுக்காக மேற்குத் தொடர்ச்சி மலையில் நோத்தபோடிடிஸ் மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. இப்போது திசு வளர்ப்பிலும், மரத்துக்குள் வாழும் பூஞ்சைகளிலும் மாற்று வழி தேடுகிறார்கள். மரம் மிஞ்சினால்தான் அடுத்த மூலக்கூறைத் தேடவும் இடம் இருக்கும்.